வியாழனுக்கு முன்னும் பின்னும்

எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழைக்குக் கொஞ்சமாவது இங்கிதம் இருந்ததா? திருவள்ளூர் பஸ்ஸை விட்டு, சூரியக் குடும்பப் படத்தோடு சயின்ஸ் டீச்சர் வைதேஹி இறங்கும்வரை காத்திருந்து கொட்டியது!

"டீச்சர், இப்டி வாங்க!"

கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு மைக் செட் கட்ட வந்தவன், தன் பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயை உருவிப் படத்தின்மேல் போர்த்தினான். பெட்டி நனைந்தது. 'பழவேற்காடு இராமலிங்கம்' என்று அதில் எழுதியிருந்தது. நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்...

ஹாலில் படத்தை மாட்டியதும் அவன் உற்றுப் பார்த்தான்.

"வியாழன் போற ரூட்லயே கல்லுங்க கூட்டம் கீது டீச்சர். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. போடலியே?"

பிள்ளைகள் எதிரிலா? வைதேஹிக்குச் சுருக்கென்றது.

"சிறுகோள் எல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுலதான்."

அதோடு விட்டாளா? மேரி டீச்சர் காதருகே குனிந்து, "மீன் கூடை எனக்கு வியாழனைக் கத்துக்குடுக்க வந்துடுத்து!" என்றாள்.

பக்கத்திலிருந்த மைக் ஓடிக்கொண்டிருந்தது! வராந்தாவில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் அத்தனையும் அதை உரக்கச் சொல்ல, பள்ளிக்கூடமே கொல்லென்று சிரித்தது. அவன் வந்து மைக்கை அணைத்தான்.

சாயங்காலம் நூலகத்தில் வானசாஸ்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். 'ட்ரோஜன் சிறுகோள்கள். வியாழனின் பாதையிலேயே, அறுபது டிகிரி முன்னே ஒரு கூட்டம், பின்னே ஒரு கூட்டம்...'

"மைக் செட்காரர் அடிக்கடி எடுத்துக்கினு போற புக்கும்மா அது," என்றார் நூலகர்.

ஐயோ... தெரியாதது கூடப் போகட்டும், அந்த மீன் கூடை எதற்கு? வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கண்காட்சி முடிந்து அவன் ஒயரைச் சுருட்டும்போது எதிரே போய் நின்றாள்.

"மைக்கைப் போடுங்கோ."

"புரோகிராம்தான் முடிஞ்சிபோச்சே?"

"என்னோடது முடியலை."

போட்டான். "நேத்து நான் சொன்னது தப்பு. சரியாச் சொன்னவர் இராமலிங்கம். அவரைக் கேவலமாப் பேசினேன், அது மகா தப்பு. மன்னிச்சுக்கோங்கோ..."

"உடுங்க டீச்சர்... எங்கம்மா மீன் கூடை தூக்கித்தான் என்னிய படிக்க வச்சுது. அதான் கொஞ்சம் வலிச்சுது."

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. "அந்தக் கல்லெல்லாம் எப்படித் தெரியும்?"

"ஒரு வருஷமா திருவள்ளூர்லதான் கீறேன். அதே பஸ்ஸுல நீங்க லேடீஸ் சீட்டு, நான் பின் படிக்கட்டு. ஒரே ரூட்டு, கிட்டவே வர முடில. அத்தப் படிச்சப்போ நம்ம கதை மாதிரியே இருக்கேன்னு..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வராந்தாவில் களுக்கென்று சிரிப்பு. மைக்! இன்னும் அணைக்கவில்லை! முகம் சிவக்க அவன் சுவிட்சுக்குப் பாய்ந்தான்.

"அணைக்காதீங்கோ."

கோயில் கைங்கரிய வீட்டுப் பெண். இது இன்றைக்கே அப்பா காதுக்குப் போய்விடும். போகட்டும்... ஏசியதை ஊர் கேட்டதே, இதையும் கேட்கட்டும்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"நாளைக்குப் பஸ்ஸுல பின் சீட்டுல துண்டு போட்டு வையுங்கோ... ரெண்டு பேருக்கு."