முக்காலியை அசைக்கக் கூடாது

மலை விடுதிக்கு அவர் வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. பேருந்து விட்டுப்போன புகை அடங்கியதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். மேற்கே மேகம் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. மேகத்தைப் படம் பிடிக்க ஊர் ஊராக அலைகிற மனிதருக்கு வேறென்ன வேண்டும்? தெருவில் அவருக்குப் பேரே மேகக்காரர்தான். வீட்டில் கூரை ஒழுகினாலும் முதலில் அதைப் படமெடுத்துவிட்டுத்தான் வாளி தேடுவார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். சிரித்தவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

விடுதியை நடத்துகிற அம்மாள் சாவியை நீட்டினாள். "மாடி வராந்தா முழுக்க உங்களுக்குத்தான் சார். வேற யாரும் தங்கல. இடி இடிச்சா மட்டும் உள்ள வந்துடுங்க. போன மாசம்தான் எதிர்மரம் ரெண்டாப் பொளந்துச்சு."

"நமக்கு அதெல்லாம் பழக்கம்மா."

"பழகினவங்களைப் பாத்து இடி ஒதுங்கியா போகுது?" என்று முனகிக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

அறையில் பூட்டிக் கிடந்த வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, மூக்கின் உள்ளே சுருக்கென்று ஏறுகிற மாதிரி. எங்கேயோ தெரிந்த வாடைதான். ஜன்னலைத் திறந்தும் போகவில்லை. நின்று யோசிக்க அவருக்கு நேரமில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கேமரா முக்காலியை வராந்தாவுக்குத் தூக்கிப் போனார். வானத்தைப் பார்த்துக்கொண்டே கால்களை விரித்து ஊன்றினார். கை பழகிய வேலை, கண் தேவையில்லை. கேமராவை மாட்டி மேகம் மலைமுகட்டைத் தொடும்வரை காத்திருந்து அழுத்தினார்.

பின்பக்கத் திரையில் படம் வந்தது.

மலை இல்லை.

ஒரு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் ஒற்றை மரம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மேலே கறுத்த வானம்.

அது அவர் வீடு.

அந்த மாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதிமூன்று வருஷமாக அங்கே இன்னொரு கேமரா முக்காலியில் நிற்கிறது. ஒரே இடம், ஒரே கோணம், தினம் ஒரு படம். வெயில், பனி, மூடாப்பு, மழை எல்லாம் அதே சட்டத்துக்குள் மாறி மாறி வரவேண்டும். மரம் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் பதிமூன்று வருஷ உழைப்பும் பாழ் என்பது அவர் கணக்கு. அதனால் வீட்டில் ஒரே சட்டம்தான், முக்காலியை அசைக்கக் கூடாது. எப்பவாவது தட்டிவிட்டால் திரும்ப வைக்க வசதியாக, மூன்று கால்களும் நிற்கிற இடத்தில் மனைவி தன் நெயில் பாலிஷால் மூன்று சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். மழை வந்தால் கேமராவைக் கீழே கொண்டுவரக் கூடாது. யாராவது குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் ஊரிலிருந்தால் அவர் நிற்பார். ஆனால் மழைக்காலத்தில் அவர் எங்கே ஊரில் இருந்தார்? அவள்தான் நின்றாள். படம் எடுத்ததும் "எடுத்தாச்சு" என்று அவருக்கு ஒரு செய்தி வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கடலோரத்தில் புயலுக்காகக் காத்திருந்தவரை அவள் ஃபோனில் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க மின்னல் ரொம்ப வெட்டுது. எனக்குப் பயமா இருக்கு. இறங்கிடட்டுமா?"

"அஞ்சே நிமிஷம். ஒரே ஒரு மின்னல் விழட்டும். அசையாம நில்லு."

அவள் நின்றாள். மின்னலும் விழுந்தது.

கேமராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் கடைசியாக எடுத்த அந்தப் படம்தான் அவர் பேரில் பரிசு வாங்கியது, புத்தக அட்டையில் வந்தது, கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். டைமர் வச்சிருந்தேன், கேமரா தானாவே எடுத்துச்சு. அவ காயப்போட்ட துணியை எடுக்க ஏறினா, விதி முடிஞ்சுது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவர் புளுகு மூன்று வருஷம் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுகூடப் பெரிசில்லை. அன்றைக்குக் கொடியில் காய்ந்தது மகளுடைய துணி. "என் சுடிதாருக்காகத்தானே அம்மா ஏறினாங்க" என்று அந்தப் பெண் சுவரில் தலையை முட்டி அழுதபோது, இந்த மனிதர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முதுகைத் தடவிக் கொடுத்தார். இல்லை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து மகள்தான் தினமும் மாடிக்கு ஏறுகிறாள். மருந்துக்கடை வேலை முடிந்து மதியம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. படங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன அல்லவா?

விடுதி வராந்தாவில் நின்றவர், மெமரி கார்டு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பழைய படம் எப்படியோ ஏறியிருக்கும். மனசைத் தேற்றக் காரணமா கிடைக்காது? இரண்டாம் முறை அழுத்தினார்.

அதே மாடி. இப்போது சட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் குடையின் விளிம்பு.

கேமராவை விட்டு ஓரடி பின்னால் வந்தார். அப்போதுதான் தரையைப் பார்த்தார்.

முக்காலியின் மூன்று கால்களும் மூன்று சிவப்புப் புள்ளிகளின் மேல் நின்றன.

குனிந்து தொட்டார். ஈரம். விரலை முகர்ந்ததும் அறையில் வந்த வாடை என்னவென்று புரிந்தது. நெயில் பாலிஷ்.

மலைமுகடு மறைந்துபோயிருந்தது. வராந்தாவில் பட்டப்பகலில் விளக்கு வைக்கிற இருட்டு. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

கிளிக்.

அவர் தொடவில்லை. கேமரா தானாகவே எடுத்தது.

திரையில் குடை முழுசாக உள்ளே வந்திருந்தது. குடைக்குக் கீழே ஒரு பெண்ணின் முதுகு. நீலச் சுடிதார், பின்னிவிட்ட நீளக் கூந்தல். மனைவிக்குக் கழுத்தளவு முடிதான்.

அது மகள்.

ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி அடித்தது. நல்லவேளை, எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா. காதுல மாட்டியிருக்கேன், ரெண்டு கையும் ஃப்ரீயா இல்ல. ஒண்ணுல குடை, ஒண்ணுல முக்காலி."

"இறங்கு. இப்பவே கீழ இறங்கு."

"என்னப்பா நீங்க? வானத்தைப் பாத்தா நீங்களே விட மாட்டீங்க. அன்னிக்கு மாதிரியே இருக்கு. ஒரு மின்னல் விழட்டும், எடுத்துட்டு வந்துடறேன்."

"படம் கிடக்குதும்மா. கேமராவைத் தூக்கிட்டாவது இறங்கு."

அந்தப் பக்கம் சிரித்தாள். "முக்காலியை அசைக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டு இப்ப இப்படிச் சொல்றீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கிளிக்.

திரையில் மகளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். கழுத்தளவு முடி, தெப்பலாக நனைந்த புடவை. அவள் மகளைப் பார்க்கவில்லை. படத்துக்குள்ளிருந்து நேரே இவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்றார்.

"யாருமில்லையே. ஏம்ப்பா?" காற்றில் குடை படபடக்கிற சத்தம். "அப்பா, பயப்படாதீங்க. எனக்கு இங்க நின்னாத்தான் மனசு ஆறுது. அம்மா என் துணிக்காக வந்து போனாங்க. இதையாவது நான் செய்ய வேணாமா?"

இதோ, வாயைத் திறந்தால் போதும். ஒரே வாக்கியம்தான். சொன்னால் அவள் இறங்கிவிடுவாள், அது அவருக்குத் தெரியும். சொன்ன பிறகு அவள் தன்னை அப்பா என்று கூப்பிட மாட்டாள், அதுவும் தெரியும். பெற்ற மகள் இடிக்கடியில் நிற்கிறாள், மனிதர் அங்கே நின்று யோசித்தார். கதை சொல்கிற எனக்கே இந்த இடத்தில் வயிறு எரிகிறது.

கிளிக்.

மனைவியின் கை மகளுடைய குடைப்பிடியை நோக்கி நீண்டிருந்தது.

"அவ துணி எடுக்க ஏறல," என்றார்.

"என்ன?"

"உங்கம்மா துணி எடுக்க ஏறல. நான்தான் நிக்கச் சொன்னேன். குடை பிடிச்சுக்கிட்டு. பயமா இருக்கு, இறங்கட்டுமான்னு கேட்டா. அஞ்சே நிமிஷம்னு சொன்னேன். டைமர் கிடையாது. அந்தப் படம் அவ எடுத்தது. உன் துணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

மகள் மிக மெல்லக் கேட்டாள்.

"மூணு வருஷமா நான் அழுததைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

ஏதோ இரும்பு கவிழ்ந்து விழும் ஓசை. தடதடவென்று படியிறங்கும் ஓசை. கதவு சாத்தும் ஓசை. அதன் பின்னாலேயே, காதுக்குள் வெடித்த மாதிரி ஒரு இடி. இணைப்பு அறுந்தது.

கிளிக்.

திரை முழுக்க வெள்ளை வெளிச்சம். மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே கொடிமாதிரி இறங்கிய மின்னல். இம்மியும் பிசகாத அதே கோணம். மாடியில் ஆளில்லை. குடை மட்டும் நிமிர்ந்து, யாரோ பிடித்திருக்கிற உயரத்தில் நின்றது.

சற்று நேரத்தில் மகளிடமிருந்து செய்தி வந்தது. 'கீழ வந்துட்டேன். உயிரோட இருக்கேன். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.'

அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பே அவர் ரத்து செய்த, மனைவியின் எண்ணிலிருந்து.

'எடுத்தாச்சு.'

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தார். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. "உங்க பொண்ணு பெட்டியோட கிளம்பிடுச்சு, எங்கன்னு சொல்லல" என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் பரிசுப் படம் அப்படியே இருந்தது. பக்கத்தில் மாட்டியிருந்த மனைவியின் புகைப்படம் மட்டும் இல்லை, ஆணி இருந்தது.

கேமராவைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்து மாடி ஏறினார். கவிழ்ந்து கிடக்க வேண்டிய முக்காலி நேராக நின்றது, மூன்று கால்களும் புள்ளிகளின் மேல். குடை கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேகமில்லை.

முக்காலியைப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தரையோடு வார்த்து வைத்த மாதிரி நின்றது. விரலெல்லாம் சிவப்பாகிப் பிசுபிசுத்தது.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுக்க முடியாவிட்டாலும் துணிக்குள் திரை ஒளிர்ந்து எழுத்து நன்றாகவே தெரிந்தது.

'அஞ்சே நிமிஷம். அசையாம நில்லுங்க.'

சுவரில் சாய்ந்திருந்த குடை மெல்ல விரிந்தது. லென்ஸின் மேல் முதல் துளி விழுந்தது.