ஆள் போனதும் பெருக்கும் வீடு

மடிக்கணினியை மூடிவிட்டு ஹெலினா நிமிர்ந்தபோது, சோபாவின் பக்கத்தில் சார்ஜில் நின்ற ரோபோ துடைப்பான் தானாக உறுமிக்கொண்டு தன் இடத்தை விட்டு இறங்கியது. கையிலிருந்த கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது: எட்மண்ட் மாமா வீட்டை விட்டுக் கிளம்பினார். சுத்தம் தொடங்குகிறது.

எட்மண்ட் அவளுடைய மாமனார். அவரை அடக்கம் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. லாரிச் சக்கரத்தின் கீழ் அவரோடு சேர்ந்து அவருடைய கைப்பேசியும் நசுங்கிப் போயிருந்தது.

பழைய விதி அழியாமல் கிடக்கிறது, வேறொன்றுமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைத் தேடி அழித்தாள். எந்திரம் நிற்கவில்லை. வழக்கமாகச் சுவரோரமாகச் சுற்றத் தொடங்குவது, இன்று நேராக மாமனாரின் அறை வாசலுக்குப் போய், அங்கிருந்து வெளிக்கதவை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக, முட்டி வலியோடு நடக்கிற ஒருவரின் பின்னாலேயே தரையைத் துடைத்துக்கொண்டு போவது போல நகர்ந்தது. செருப்பு அலமாரியின் அருகே சற்று நின்றது. அவர் அங்கேதான் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டுவார்.

அந்த விதியை எழுதியவள் அவள்தான். வானகரத்தில் பைபாஸ் ஓரத்து அடுக்ககம். எத்தனை முறை துடைத்தாலும் லாரிப் புழுதி. எல்லோருடைய கைப்பேசிகளும் கதவைத் தாண்டியதும் விளக்குகள் அணையும், பூட்டு விழும், துடைப்பான் கிளம்பும் என்று அவளே எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அந்த வட்ட எந்திரத்தைப் பார்த்து, தோசைக்கல்லுக்குக் கால் முளைச்சுப் போச்சு என்று எட்மண்ட் முதலில் கேலி செய்தார். பிறகு ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்து கேட்டார்.

"ஹெலினாம்மா, நான் கெளம்பசொல்லோ இந்த மிஷின வுடாத. உங்க அத்தைய தூக்கிகினு போனப்போ, பெட்டி கேட்டாண்ட கூட போவல, உள்ள தொடப்பம் சத்தம் கேட்டுச்சு. போனவங்க திரும்பி வரக்கூடாதுன்னுதான் ஒடனே பெருக்குறது."

சரி மாமா என்றாள். அன்றைக்கே அவருக்கென்று ஒரு தனி விதி எழுதினாள். வீட்டில் வேறு யார் இருந்தாலும் சரி, அவர் கைப்பேசி கதவைத் தாண்டிய அடுத்த நொடி துடைப்பான் ஓட வேண்டும். அவளுக்கு அவருடைய அறை வேண்டும். வெறுத்துப்போய் முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவரே போய்விடுவார் என்று கணக்குப் போட்டாள். கணவன் டேனியிடம் சொல்லவில்லை.

சாயங்காலப் பூசைக்கு அவர் கிளம்புவார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது உள்ளே உறுமல் கேட்கும். கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியே ஹெலினா பார்ப்பாள். அவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிற்பார். பிறகு மணி அடித்து உள்ளே வந்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சகுனம் மாறிவிட்டதென்று மறுபடி கிளம்புவார். மறுபடி உறுமல். மறுபடி மணி. ஒருநாள் அவள் கதவைத் திறக்கவில்லை. துளையில் கண்ணை வைத்தபடி, அவர் அடித்து அடித்து ஓய்ந்து லிஃப்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சர்வீஸ் ரோட்டைக்கூடத் தாண்டவில்லை.

இன்று கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் பூவும் வாங்கிக்கொண்டு டேனி போயிருக்கிறான். தலைவலி என்று இவள் போகவில்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

எந்திரம் கதவடியில் போய் நின்றது. ஹெலினா குனிந்து அதன் குப்பைப் பெட்டியைத் திறந்தாள். புழுதி இல்லை. சருகாகிப் போன ரோஜா இதழ்கள், சவப்பெட்டியின் மேல் தூவினவை. சோபாவுக்கு அடியில் கிடந்திருக்கும் என்று குப்பைக்கூடையில் கொட்டினாள். விரலில் ஈர மண்ணின் வாசனை ஒட்டிக்கொண்டது.

அழைப்பு மணி அடித்தது.

துளை வழியே பார்த்தாள். விளக்கெரியும் வெறும் நடை. ஈரத்தில் மின்னும் தரை. யாருமில்லை.

மணி மறுபடி அடித்தது. கைப்பேசி அதிர்ந்தது. எட்மண்ட் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார்.

பூட்டு தானாகக் கழன்றது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. அணைத்த மெழுகுவத்தியின் புகைநாற்றம் அவளைக் கடந்து உள்ளே போனது. துடைப்பான் அடக்கமாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. ஆள் வந்தால் நிற்க வேண்டும் என்பதும் அவள் எழுதிய விதிதான்.

பிரம்பு நாற்காலி முனகியது, எலும்பும் தோலுமான ஒரு உடம்பு மெல்ல உட்காரும்போது முனகுமே, அப்படி. சமையலறையில் டம்ளர் உருண்டது. குழாய் திறந்தது. பிறகு அந்தச் சத்தம். மடக்கு மடக்காக, அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் சத்தம். குடித்ததும் போய்விடுவார். எப்போதும் போய்விடுவாரே. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

குடிப்பது நின்றது. நாற்காலி முனகவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

ஹெலினா வெறுங்காலோடு வெளியே ஓடினாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. கைப்பேசி அதிர்ந்தது.

ஹெலினா வீட்டை விட்டுக் கிளம்பினார். சுத்தம் தொடங்குகிறது.

உள்ளே உறுமல்.

கைப்பேசியில் பூட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பூட்டு அசையவில்லை. உள்ளே போக வேண்டும். உட்கார வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். மணியை அடித்தாள். உறுமல் கதவை நெருங்கி வந்தது.

கைப்பேசி அடித்தது. டேனி.

"ஹெலி, இந்த மழைல எங்க கெளம்பிட்ட? மெசேஜ் வந்துச்சே."

"டேனி, நான் எங்கயும் போகல. வாசல்லதான் நிக்கிறேன். சீக்கிரம் வா."

"ஹலோ? ஹெலி? ஒண்ணுமே கேக்கல. தோசைக்கல்லு ஓடுற சத்தந்தான் கேக்குது."

இணைப்பு அறுந்தது.

மணி அடித்தாள். அடித்தாள். கதவின் கண்ணாடித் துளையில், அணைந்திருக்க வேண்டிய வீட்டு வெளிச்சம் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

புள்ளி இருண்டது.

உள்ளேயிருந்து ஒரு கண் துளையில் பதிந்திருந்தது. இமைக்கவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றது.

அவளுக்குப் பின்னால் லிஃப்ட் வந்து நின்று, வாய் திறந்தது. அதன் தரை முழுக்கப் புது ரோஜா இதழ்கள்.