தவளக்குப்பம் வளைவில் கழன்ற சக்கரம்

குற்றவாளியின் கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவன் நெஞ்சைப் படித்துவிடும் ஆற்றல் கோடியில் ஒருவருக்கே வாய்க்கும். புதுச்சேரியில் அது முதலியார்பேட்டை ஆதிமூலத்துக்கு வாய்த்திருந்தது. அந்த ஆற்றலோடு அவர் இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடியில் நின்றார். அவர் கண்ணெதிரே போன வைக்கோல் வண்டிகளில் வைக்கோலைத் தவிர மற்ற எல்லாமும் எல்லை தாண்டின. ஐம்பத்து நாலில் எல்லையே இல்லாமற் போனபோது, ஆதிமூலம் வேறு வழியின்றித் துப்பறிவாளர் ஆனார். ஆள் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு அதற்குள் தேறியிருந்தார்.

கொளஞ்சி அவரைத் தேடி வந்தது ஐம்பத்தேழு ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில். லாரி மெக்கானிக் கலியபெருமாளின் மனைவி. தலையிலும் சேலையிலும் மண் அப்பியிருந்தது. வக்கீல் குமாஸ்தா இராமதாஸ் உடனே நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார். ஆதிமூலத்தின் உதவியாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர் அவர்.

“ஒக்காரும்மா,” என்றார் ஆதிமூலம்.

“ஒக்கார வரல, ஐயா. எங்க ஊட்டுக்காரர அடச்சி மூணு நாளாவுது. ஆளக் கொன்னவன்னு சொல்றாங்க. நாளான்னிக்கிக் கோர்ட்டுல நிறுத்துவாங்களாம்.”

“தலையில் என்ன மண்?”

“அஞ்சலாட்சி வாரிப் போட்டா. செத்துப்போன டிரைவரு கோவிந்தசாமி பொண்டாட்டி. போடட்டும். அவளுக்கு வேற யாரு மேல போடத் தெரியும்?”

கதை சிறியது. பிரெஞ்சு மரியாதையில் ஊரார் ‘முசே’ என்று அழைத்த முதலாளி ஜானகிராமனின் பத்து டன் டீசல் லாரி யுத்தத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்தில் வந்தது. புதன் சாயங்காலம் அதற்குப் பிரேக் லைனிங் மாற்றி, எல்லாச் சக்கரத்தையும் மாட்டி, முதலாளியின் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தார் கலியபெருமாள். வியாழன் காலை ஆறு மணிக்கு மில் துணியோடு கடலூருக்குக் கிளம்பியது. தவளக்குப்பம் வளைவில் பின்பக்கத்து இடச் சக்கரம் கழன்று வயலுக்குள் ஓட, லாரி புளியமரத்தில் மோதிச் சாய்ந்தது. கோவிந்தசாமியை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதில் முதல் அரை மணி நேரம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“நட்டை இறுக்காம விட்டுட்டாருன்னு மொதலாளி எழுதிக் குடுத்துருக்காரு,” என்றாள் கொளஞ்சி. “சோறு எடுத்துட்டுப் போனவ நானே பாத்தேன். எல்லாத்தையும் இறுக்கிட்டு, நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேத்து செவப்புப் பெயிண்டுல ஒரு கோடு இழுப்பாரு. ஒவ்வொரு நட்டுக்கும். கோடு ஒடஞ்சிருந்தா நட்டு நவுந்துடுச்சின்னு அர்த்தம். கோடு போடாம அவரு சோத்துல கைய வெச்சதில்ல.”

லாக்கப்பில் கலியபெருமாள் எழுந்து நிற்கச் சிரமப்பட்டார். வலது கண் வீங்கி மூடியிருந்தது. படியில் விழுந்தார் என்றார் இன்ஸ்பெக்டர். லாக்கப்பில் படி இல்லை.

“கோட்டப் பாருங்க, ஐயா,” என்றார் கலியபெருமாள். “இடப்பக்கம் வேற, வலப்பக்கம் வேற. தொழில் தெரிஞ்சவன யாரையாவது பக்கத்துல வெச்சிக்கிட்டுப் பாருங்க.”

இராமதாஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். புரியாததை எல்லாம் அவர் அடிக்கோடிடுவது வழக்கம். இதற்கு இரண்டு கோடு போட்டார்.

நொறுங்கிய லாரியைக் கொட்டகைக்கு இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். முசே ஜானகிராமன் வெள்ளைக் கோட்டோடு நின்றார். நாலு வருஷம் மார்சேயில் இருந்தவர்; அங்கே மோட்டார் சாஸ்திரம் கற்றதாக அவர் சொல்ல, ஊரே நம்பியது. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

“ரோஜா முள்,” என்றார் கேட்காமலே. “பிரான்சில் என்றால் இப்படிப்பட்ட மெக்கானிக்கைப் பட்டறை வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள், முசே ஆதிமூலம். இடப்பக்கம் முன்னும் பின்னும் ஒரு நட்டையாவது ஒழுங்காக இறுக்கியிருந்தானா? எல்லாம் தொளதொளவென்று!”

“நீங்கள் லாரியைத் தொட்டீர்களா?”

“நானா? கிரீஸையா?” கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அந்த வடிவேலை விசாரியுங்கள். கிளீனர். அன்றைக்கு மட்டும் அவன் ஏன் ஏறவில்லை?”

வடிவேல் டயர் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது.

“ஏன் ஏறல?” என்று பாய்ந்தார் இராமதாஸ்.

“அறஞ்சாரு, ஏறல. புதங்கெழம எல்லார் முன்னாடியும் கன்னத்துல ஒண்ணு வுட்டாரு கோவிந்தசாமி அண்ணன். ஒரு நாளு வராம இருந்தா அரும தெரியட்டும்னு ஊட்டுலயே படுத்துட்டேன்.” அவன் தரையைப் பார்த்தான். “இப்பத் தெரிஞ்சிக்க அவரு இல்ல.”

“அண்ணே, இவன்தான்!” என்று கிசுகிசுத்தார் இராமதாஸ். “பழி, வாய்ப்பு, இரண்டும் இருக்கு!”

“தண்ணீர் கொண்டு வாருங்கள், இராமதாஸ்,” என்றார் ஆதிமூலம்.

சக்கரங்களைக் கழுவியதும் சேற்றுக்கு அடியிலிருந்து சிவப்புக் கோடுகள் தெரிந்தன. கழன்ற சக்கரத்தின் நட்டுகள் வயலில் போய்விட்டன. மற்ற மூன்று இடங்களில் பத்துப் பத்தாக முப்பது மிச்சம். ஒவ்வொன்றையும் ஆதிமூலம் குனிந்து பார்த்தார். முப்பதிலும் கோடு உடைந்திருந்தது. வலப்பக்கத்து இருபதில் ஒரு நெல் அகலம். இடப்பக்கத்துப் பத்தில் கால் சுற்று. எல்லாமே கடிகார முள் போகும் திசையில். அதுவரை எந்தப் போலீஸ்காரரும் முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆதிமூலம் வடிவேலைக் கூப்பிட்டு அவன் காதில் ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரும் வந்தார். கொளஞ்சி ஒரு பக்கம், அஞ்சலாட்சி மறுபக்கம் நின்றார்கள்.

“முன்பக்கத்து இடச் சக்கரம் ஆடுகிறது,” என்றார் ஆதிமூலம். “இறுக்கினால்தான் கோர்ட்டு வரை இழுத்துப்போக முடியும். விஷயம் தெரிந்தவர் யாராவது…”

“நகரு,” என்று வடிவேலைத் தள்ளினார் முசே. கோட்டைக் கழற்றி இராமதாஸிடம் கொடுத்தார். “கவனியுங்கள். சக்தி தோளிலிருந்து வரவேண்டும், மணிக்கட்டிலிருந்து அல்ல. மார்சேயில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.” ஸ்பானரை மாட்டிக் கடிகார முள் போகும் திசையில் ஓர் இழுப்பு இழுத்தார். சுலபமாக வந்தது. “பார்த்தீர்களா, எவ்வளவு தளர்வு!” இன்னும் ஓர் இழுப்பு.

வடிவேலால் பொறுக்க முடியவில்லை. “மொதலாளி… கழட்றீங்க.”

“என்னது?”

“இடப்பக்கத்து நட்டுக்கு மரை எதிர்ப்பக்கமா வெட்டியிருக்கும், மொதலாளி. ஓட்டத்துல தானா கழண்டுக்காம இருக்க. வலப்பக்கம் இறுக்குற மாதிரி இத இழுத்தா லூசாயிடும். கனமான லாரி எல்லாத்துலயும் அப்பிடித்தான்.”

முசேயின் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது.

“இன்ஸ்பெக்டர்,” என்றார் ஆதிமூலம் அமைதியாக, “கலியபெருமாள் இறுக்க மறந்திருந்தால் கோடே போட்டிருக்க மாட்டார். வடிவேல் கொல்ல நினைத்திருந்தால் தளர்த்தியிருப்பான். வலப்பக்கம் கூடுதலாக இறுகியிருக்காது. கோடு போட்டபிறகு யாரோ எல்லா நட்டையும் ஒரே திசையில் ஒவ்வோர் இழுப்பு இழுத்திருக்கிறார். இறுக்குவதாக நினைத்து. இந்தக் கொட்டகையில் திசை தெரியாதவர் ஒருவர்தான். பின்சக்கரம் கழன்றது ஊருக்கே தெரியும். முன்சக்கரமும் தளர்ந்திருந்தது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. முசே அதை எனக்கு முன்பே சொன்னார். அந்தக் கைத்துணியை அவிழ்த்தால் முள் குத்தினதா, ஸ்பானர் பிடித்துக் கொப்பளித்ததா என்று தெரியும்.”

யாரும் அவிழ்க்கவில்லை. முசே டயர் குவியலின்மேல் உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டையைப் பற்றி யோசிக்கவில்லை.

“வியாழன் விடியலில் கோவிந்தசாமி டீ குடிக்கப் போயிருந்தான்,” என்றார். “வலப்பக்கம் துளிதான் அசைந்தது. இடப்பக்கம் லேசாக வந்தது. கலியபெருமாள் சோம்பேறித்தனம் பண்ணிவிட்டான் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன்.”

“அவருகிட்ட சொன்னீங்களா?” அஞ்சலாட்சி முதல்முறையாக வாய் திறந்தாள்.

“சொன்னேன். ‘நானே எல்லாம் இறுக்கிட்டேன், பயப்படாமப் போ’ன்னு.”

“என்ன சொன்னாரு?”

“‘நீங்க பிரான்சுல படிச்சவரு, மொதலாளி’ன்னு கும்புட்டுட்டு ஏறினான்.”

அஞ்சலாட்சி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கடைசிவரை அதை எறியவில்லை. இன்ஸ்பெக்டர் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

முசே ஜானகிராமன் பெரிய மனிதர் என்பதால் வாக்குமூலம் கொடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போனார். கலியபெருமாள் வெளியே வர மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. விடுதலை உத்தரவைப் பிரெஞ்சில் எழுதுவதா இங்கிலீஷில் எழுதுவதா என்று தீர்மானமாகவில்லை. பத்தாம் நாள் அவர் வந்தபோது வாசலில் கொளஞ்சியோடு முசேயின் ஆள் ஒருவனும் நின்றான். முசேயின் இன்னொரு லாரி நாலு நாளாகக் கிளம்பவில்லையாம்.

கலியபெருமாள் வீட்டுக்குப் போகுமுன் அதைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.