யாரும் வராத இடம்

லெவான், வயது இருபத்தைந்து, வடதுருவத்தை ஒட்டிய ஊலு நகரத்தில் லிஃப்டுகளுக்கு நிரல் எழுதும் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தான். பகல் மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. வெளியே லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறக்கும் சத்தம் மட்டும் வரவில்லை.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாகத் தொண்டை கிழியச் சொல்கிறான். நிரல் அவசர நிறுத்தப் பகுதிக்குத் தாவிப் போகும் கட்டளையை யாரோ கையால், எந்திரத்துக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள். நிரலைச் சுருக்கித் தரும் புதுக் கம்பைலரின் கண்ணுக்கு அந்தத் தாவல் தெரியாது. இங்கே யாரும் வருவதில்லை என்று முடிவுகட்டி, லிஃப்டை நிறுத்தும் பகுதியையே அழித்துவிடும். தாவல் மட்டும் மிஞ்சும். போய் இறங்க இடம் இருக்காது. அந்த இடத்தின் முகவரியைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தால், யாரோ வருகிறார்கள் என்று கம்பைலர் நம்பும், பகுதி பிழைத்துக்கொள்ளும். வரியை எடுத்தால், போச்சு.

காலையில் மேலாளர் மார்க்கு அந்த வரியைத் தூக்கினார். "உன் மெஷின்ல மட்டும் பேய் வருதா தம்பி? காபியக் குடிச்சுட்டு வேலையப் பாரு." புது நிரலை இந்தக் கட்டட லிஃப்டிலேயே ஏற்றினார். இப்போது அதைச் சோதிக்கப் போயிருப்பவள் ஐனோ, பக்கத்து சீட்டுக்காரி. அந்த அலுவலகத்தில் எல்லோரையும் போல செருப்பில்லாமல், சிவப்புக் கம்பளிக் காலுறையோடு.

லெவான் போனைப் பிடுங்கி எடுத்தான். "ஐனோ, ஸ்டாப் பட்டனத் தொட்டுடாத!"

"அழுத்தியாச்சுடா, பயந்தாங்கொள்ளி. நின்னுருச்சு. கதவும் திறந்துருச்சு." போனில் லிஃப்டின் இரும்புக்கயிறு மெல்ல ஆடும் முனகல், அதற்கடியில் ஈரச் சாம்பலை ஊதுவதுபோல ஒரு காற்று. "நம்ம மாடிதான். ஆனா லைட்டே இல்ல."

"இறங்காத."

"இறங்கிட்டேன். உன் முதுகு தெரியுது. போன காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. திரும்பேன்."

திரும்பினான். வெளிச்சமான நடைக்கூடம். மூடிய லிஃப்ட் கதவு. யாருமில்லை.

"திரும்பிட்டேன், ஐனோ."

"இல்லையே."

போனுக்குள் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மெதுவாக. அவள் மூச்சு நின்றது. அவன் வாய் திறக்கவில்லை. ஆனாலும் போனில் அவன் குரல்:

"இங்க யாரும் வர்றதில்லையே."

மணி அடித்தது. எதிரே கதவு திறந்தது.

மார்க்கு காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "பாத்தியா? ஜோரா வேலை செய்யுது. ஐனோ எங்க?"

"நீதான்யா அந்த வரியத் தூக்கின!" லெவான் கத்தினான். "நீயே பாரு!"

லிஃப்டுக்குள் இரண்டு சிவப்புக் காலுறைகள். சுவரைப் பார்த்து. உள்ளே கால் இருப்பதுபோல் விறைத்து நின்றன. காலியாக. இடது காலுறை குதிகாலைத் தூக்கி, மெல்லத் திரும்பத் தொடங்கியது.

அவன் போனில் பேசிப் பதிந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு: "இதக் கேக்கிறது யாரா இருந்தாலும், அந்த லிஃப்டுக்குக் கரண்ட்டப் பிடுங்குங்க. பட்டனத் தொடாதீங்க."