யாரும் அடிக்காத காயம்

"கையைக் காட்டு!"

டீ வடிகட்டிக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று முந்தானையால் கையை மூடினாள். மாமியார் விடவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"யாரும் அடிக்கல அத்தை... தானா வந்தது. முதல்ல எரியும், அப்புறம் வீங்கும்... சத்தியமா!"

"நானும் வாழ்நாள் பூரா இதையேதான் சொன்னேன். வழுக்கி விழுந்தேன், கதவுல இடிச்சுக்கிட்டேன்னு..."

மாமியார் பிடியை விட்டாள். செத்துப்போன புருஷனிடம் வாங்கிய அடிகளையெல்லாம் இந்த ஒரு மகனுக்காகத்தான் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தாள். அவனுமா?

தலையைத் துவட்டிக்கொண்டே மகன் வந்தான்.

"உங்கப்பன் புத்தி உனக்கும் வந்திருச்சில்ல? வயித்துப் பிள்ளைய ஏழாம் மாசத்துல பறிகொடுத்துட்டு நிக்கிறா... அவளப் போய் அடிக்க எப்படிடா மனசு வந்துச்சு? வெளிய போ!"

"அம்மா... நானா?"

சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு பையில் மாற்றுத்துணியோடு இறங்கினான். வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான்.

மருமகள் அழுதாள், கெஞ்சினாள். பயத்தில் பேசுகிறாள் என்றே மாமியார் நினைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். "ஐயோ, எரியுதே!" என்று மருமகள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரின் கண்ணெதிரே தோல் சிவந்தது, தடித்தது. சாயங்காலத்துக்குள் அதே கருநீலம்! வீட்டில் வேறு யாருமே இல்லை.

"ரொம்ப அபூர்வமா சிலருக்கு வர்ற வியாதிம்மா" என்றார் தோல் டாக்டர், பரிசோதனைகளையெல்லாம் பார்த்துவிட்டு. "மனசு தாங்காத துக்கம் வந்தா உடம்பு இப்படிக் கன்றிப்போகும். வலி நிஜம். ஆனா யாரும் அடிக்கல."

மருமகளை வீட்டில் விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள் மாமியார். தீப்பொறி அடங்கும்வரை வாசலில் நின்றாள்.

"பாவி நான்... உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்டா!"

மகன் முகக்கவசத்தைக் கழற்றினான். "அவ பக்கம் நின்னது தப்பில்லம்மா. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா உன்னை அடிக்கறப்பல்லாம் குறுக்க விழுந்தவன் நான்... எனக்கு எப்படிம்மா கை நீளும்?"

தலைகுனிந்து நின்றாள். அவனே பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் மருமகள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தொட்டா வலிக்குமா?"

"வலிக்கும்... பரவால்ல, தொடுங்க."

உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்தான். "நம்ம பாப்பா முகத்தைக்கூட நான் சரியாப் பாக்கலடி..." என்றான். குழந்தை போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், இப்போது உடைந்து அழுதான்.

தாய் சத்தமில்லாமல் அறையைவிட்டு வெளியேறப் பார்த்தாள். மகனின் இன்னொரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"நீயும் உக்காரும்மா..."