பன்னிரண்டாம் அடி

பதினோராவது ஞாயிற்றுக்கிழமை, சதுப்பின் மேல் மூன்று பேர் நடந்தார்கள்.

காலை பத்து மணி இருக்கும். மூடுபனி சோலை மரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது. வேதமுத்து தடமீட்பியின் முனையைக் கருஞ்சேற்றில் இறக்கி, ஒலித்துடிப்பை மூன்றாம் நிலைக்குத் திருப்பினான். காலடியில் மண் மெல்ல அதிர்ந்தது. பிறகு பச்சை ஒளியில் முதல் உரு எழுந்தது. அதற்கு முகமில்லை, உடையில்லை. மண்ணில் பதிந்த அழுத்தத்திலிருந்து கருவி கணித்த எடையும் நடையும் மட்டும்தான். அது பன்னிரண்டு அடி நடந்து நின்றது, கொஞ்சம் குனிந்தது, மறுபடி பன்னிரண்டு அடி நடந்தது. அடுத்த உரு தோளில் கனமாக எதையோ வைத்திருப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. கடைசி உரு இடது காலை இழுத்தது.

"மம்பட்டி," என்றாள் பூவரசி. "நடுவுல வர்றவரு தோள்ல மம்பட்டி இருக்கு பாருங்கடா."

கருவியின் விளிம்பில் எண் வந்து நின்றது: எண்பத்திரண்டு ஆண்டுகள்.

வேதமுத்து, பூவரசி, காதர் மூன்று பேரும் கொடைக்கானலில் தடவியல் மாலை வகுப்பில் ஒன்றாகப் படித்துவந்தார்கள். வேதமுத்து பகலில் பேரிக்காய்க் கிடங்கில் எடை போட்டான். காதர் ஏரியில் படகு பழுது பார்த்தான். பூவரசி பேருந்து நடத்துநர். நடந்தவனை மண் காட்டிக்கொடுக்கும் காலம் அது. வரப்புச் சண்டைக்கும் திருட்டுக்கும், வாசல்வரை வந்து திரும்பியது யார் என்ற சந்தேகத்துக்கும் தடமீட்பியைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். பட்டா இல்லாமல் மலையிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்காகத் தடச் சட்டமும் வந்திருந்தது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட காலடி கிடைத்து, அது தன் முன்னோருடையது என்று உயிருடன் இருக்கும் ஒருவர் அடையாளம் சொன்னால், அங்கே அரை ஏக்கரும் அடக்க உரிமையும் உண்டு. மனுக்கொடுக்கப் பங்குனி கடைசிவரைதான் கெடு.

பூவரசியின் அப்பா சடையாண்டி இந்தக் கொக்குப்பள்ளத்தில் பிறந்தவர். சவுக்கும் சீகையும் நட்டுக் காடாக்குவதற்காக ஊரை இறக்கியபோது அவருக்கு ஆறு வயது. இப்போது அடிவாரக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், மூச்சு வாங்கப் படுத்திருந்தார். பங்குனியைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தன்னை மேலே கொண்டுபோய்ப் போடவேண்டும் என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை.

"முன்னாடி போறவன் நின்னு நின்னு போறான் பாரு," என்றான் காதர். "நம்ம வேது மாதிரி ஒரு இம்சை அந்தக் காலத்துலயும் இருந்திருக்கான்."

பூவரசி சிரித்தாள். வேதமுத்துவும் சிரித்தான். சிரித்தபடி பன்னிரண்டு அடி நடந்து, நின்று, குறிப்பேட்டில் எழுதினான்.

அது அவன் வகுத்த முறை. சதுப்பு கெடக்கூடாது என்பதற்காக முதல் ஞாயிறு அன்றே ஒரு விதி சொன்னான். புல்திட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் உறுதியாக இருந்த ஒரே வரிசையில்தான் நடக்கவேண்டும். முன்னவன் கால் வைத்த குழியிலேயே பின்னவர்கள் வைக்கவேண்டும். அடுத்த வாரமும் அதே குழிகள்தான். பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை நின்று, ஈரமும் புல்லும் குறிக்கவேண்டும். முதல் ஐந்து வாரம் தடமீட்பி ஒன்றும் காட்டவில்லை. அளவு திருத்துவதில் தான்தான் தவறியிருப்பேன் என்று வேதமுத்து ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தான். ஆறாம் வாரம் ஒரு மங்கல். ஒன்பதாம் வாரம் கால்கள். அப்போதும் தன்னைத்தான் சந்தேகப்பட்டான், கருவியை அல்ல.

புதன்கிழமை மாலை, வகுப்பில், உருக்கள் நின்ற இடங்களை வரைபடத்தில் ஏற்றினான். அவை அவன் குறிப்பெடுத்த இடங்களின் மேல் சரியாக உட்கார்ந்தன. நாற்பத்தொரு இடங்கள். அவன் பின்பக்கங்களைப் புரட்டினான். மூன்றாம் ஞாயிறு: 'காதருக்குக் குழியில் கால் பிசகியது. இடது கால்.' எட்டாம் ஞாயிறு: 'இன்னும் இழுக்கிறான்.' தடமீட்பியின் நீண்ட கம்பத்தை எல்லா வாரமும் தோளில் சுமந்தவள் பூவரசி.

கருவி ஆழத்தைத்தான் ஆண்டாகப் படிக்கிறது. வயல் மண்ணில் அது சரி. கருஞ்சேற்றிலோ, ஒரே குழியில் வாரந்தோறும் மூன்று பேர் மிதித்தால் அழுத்தம் கீழே கீழே போகும். மேலே சேறு மூடிக்கொள்ளும். பதினோரு வாரத்தில் அவர்கள் எண்பத்திரண்டு ஆண்டு ஆழத்துக்கு நடந்திருந்தார்கள்.

மறுநாள் பூவரசியின் பேருந்தில் ஏறி, கடைசி இருக்கையில் வைத்து அவளிடம் சொன்னான். அவள் முன்பக்கம் போனாள். இரண்டு நிறுத்தம் போய், சீட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்பாகிட்டப் பதிவைக் காட்டிட்டேன்டா. கடைசி ஆளைப் பாத்ததும் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. 'இது எங்கப்பன் நடை. எனக்கு நெனவு தெரிஞ்சதுலேருந்து கால் இழுக்கும்'னாரு. நான் ஒண்ணுமே கேக்கல. அவராத்தான் சொன்னாரு."

"அது காதர், பூவு."

"நீ எழுதுனத நீயே நூறு தடவ தப்புன்னு அடிக்கிறவன். இது மட்டும் எப்புடிச் சரியா இருக்கும்?"

கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினான்.

சனிக்கிழமை தனியாகப் போனான். உண்மையான தடம் ஒன்று கிடைத்தால் பொய்யான இதை மாற்றிவிடலாம் என்று நினைத்தான். தடமீட்பியின் முனையை மெல்ல ஒவ்வொரு விரற்கடையாக இறக்கினான். வரிசையின் கோடியில், அவர்கள் மிதிக்காத ஒரு மூலையில், அது வந்தது. மனிதக் கை வளைத்துக் கட்டிய வரப்பு. அதன் மேல் சின்னதும் பெரியதுமாகப் பல கால்களின் தேய்மானம். வரப்பு நேராக அவர்களுடைய வரிசைக்குக் கீழேதான் ஓடியது. சதுப்பில் அந்த இடம் மட்டும் உறுதியாக இருந்ததற்கு அதுதான் காரணம். அடுத்த அடியில் குழி. அதற்கடுத்தும் குழி. முந்நூறு மீட்டர் நீளத்துக்கு, ஒன்றுவிடாமல், அவர்களுடைய கால்கள் அந்தக் கால்களுக்குள் இறங்கி அவற்றைச் சேறாக்கியிருந்தன.

மூலையில் மிஞ்சியது இரண்டு முழ வரப்பு. யாருடையது என்று சொல்ல அதில் ஒரு நடைகூட முழுதாக இல்லை.

திங்கட்கிழமை, மனுவைச் சரிபார்க்கத் தடச் சட்ட அதிகாரி வந்தார். தன் கருவியை இறக்கினார். பச்சை ஒளியில் மூன்று பேர் நடந்தார்கள். சடையாண்டியின் வாக்குமூலம் ஒலித்தது. குறிப்பெடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். வேதமுத்து கையைத் தூக்கினான். குறிப்பேட்டில் ஏதாவது ஐயம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். பூவரசி அவனைப் பார்க்கவில்லை, சோலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றான். ஐயமில்லை என்று அவன் வாழ்க்கையில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பங்குனி இருபத்தாறாம் நாள் சடையாண்டியைச் சதுப்பின் கரையில் அடக்கம் செய்தார்கள்.

ஏழாவது ஆண்டு பூவரசி ஆளனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் வேதமுத்து மறுபடி அங்கே போனான். அடிவாரக் குடியிருப்பிலிருந்து நாற்பது குடும்பங்கள் வந்திருந்தன. வருசந்தோறும் சடையாண்டியின் நினைவு நாளில் வருகிறார்களாம். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, சதுப்பின் குறுக்கே வரிசையாகப் போனார்கள். முன்னவர் கால் வைத்த குழியிலேயே பின்னவர் வைத்தார்கள். பன்னிரண்டு அடி வைத்ததும் எல்லோரும் நின்றார்கள், குனிந்தார்கள், கும்பிட்டார்கள். மறுபடி நடந்தார்கள். இளவட்டங்கள் சிலர் இடது காலை இழுத்து நடந்தார்கள்.

கரையில் ஒரு புதிய தடமீட்பி நிலையாக நடப்பட்டிருந்தது. அதன் எண் நானூற்றுப் பத்தைக் காட்டியது. போன வருசம் முந்நூறுதான் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் பெருமையோடு சொன்னார். வருசா வருசம் தங்கள் ஊருக்கு வயது கூடுவதாகவும், மேலிடத்திலிருந்து ஆராய வருகிறார்கள் என்றும் சொன்னார்.

வேதமுத்து பச்சை ஒளிக்குள் பார்த்தான். நூற்றுக்கணக்கான கால்கள். அதில் தன்னைத் தேடினான், கிடைக்கவில்லை. காதரும் பூவரசியும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு அடியில் இருந்தவர்களைத் தேட இனி எந்த ஆழமும் மிச்சமில்லை.

பூவரசி அவன் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள். கால் தானாகக் குழியைக் கண்டுபிடித்தது. பன்னிரண்டாம் அடியில் நின்றான். வழக்கம்போல் கை சட்டைப்பையில் குறிப்பேட்டைத் தேடிப் போனது.

"இங்க கும்பிடணும் அண்ணே," என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். "எங்க பெரியவங்க இங்கதான் நின்னாங்க."

அவன் கையை வெளியே எடுத்தான். பின்னால் வரிசை காத்திருந்தது. குனிந்து கும்பிட்டான்.