சப்பாத்துக்குள் உப்பு!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

டெலிபோன் அலறியது.

குணலட்சுமி எடுக்கவில்லை.

கண்ணாடி அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்று சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே குடுவையில் மஞ்சள் கரைசல். அது செங்கல் நிறமாக மாறும் அந்த ஒரு சொட்டைத் தவறவிட்டால், எல்லாம் முதலிலிருந்து!

மாறியது.

இறால் குஞ்சுத் தொட்டியின் உப்பு... ஆயிரத்துக்கு இருபத்தைந்து.

நெற்றியைச் சுருக்கினாள். நேற்று மத்தியானம் அவளே அளந்தபோது முப்பது!

கொப்பியில் எழுதி, கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகுதான் ரிசீவரை எடுத்தாள்.

"கடல் ஆராய்ச்சி நிலையமோ? இன்ஸ்பெக்டர் அருட்பிரகாசம் கதைக்கிறன். உங்கடை பெரியவர் ஆழ்வாப்பிள்ளை இறங்குதுறையடியிலை மிதக்கிறார்."

"நீந்துறாரோ, சேர்?"

"இல்லைப் பிள்ளை... மிதக்கிறார்."

1979 ஆவணி. கொழும்புத்துறைக் கடல் சத்தமில்லாமல் கிடந்தது.

ஆழ்வாப்பிள்ளையைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. பக்கத்தில் உதவி ஆராய்ச்சியாளர் நமசிவாயம், லேஞ்சியால் மூக்கைத் துடைத்தபடி.

"நேற்று மத்தியானமே நான் கரவெட்டி வீட்டுக்குப் போயிட்டன், சேர். இப்பதான் பஸ்ஸாலை இறங்கி நேரை இஞ்சை வாறன்... பாவம், மனுசன் வழுக்கி விழுந்திட்டுது!"

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்," என்றார் இன்ஸ்பெக்டர், குறிப்புப் புத்தகத்தை மூடியபடி.

குணலட்சுமி குனிந்தாள். ஒரு சப்பாத்தைக் கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரைப் போத்தலில் ஊற்றினாள்.

"என்ன செய்யிறீர்?"

"அளக்கப் போறன், சேர்."

"செத்தவற்றை சப்பாத்தையோ?!"

"தண்ணியை."

ஏழு வருடம் அந்த மனிதரோடு ஒரே வள்ளத்தில் போனவள். காலையில் வணக்கம் சொல்லமாட்டார். "இண்டைக்கு உப்பு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்.

இன்றைக்குக் கேட்க ஆளில்லை.

அவள் அழவில்லை. கை நடுங்கினால் அளவு பிழைக்கும்.

அரை மணி நேரம். ஆய்வுகூடத்தில் மூவரும் நின்றார்கள். கடைசிச் சொட்டு விழுந்தது.

குணலட்சுமி நிமிர்ந்தாள்.

"முப்பது."

"அதுக்கென்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மழை இல்லை, சேர். வெய்யிலிலை வத்தி, வெளியிலை கடல் இப்ப நாற்பதுக்கு மேலை. முப்பது உப்பிலை நாங்கள் வைச்சிருக்கிற தண்ணி ஒண்டே ஒண்டுதான்... பின்னறை இறால் தொட்டி!"

"அப்ப... ஆழ்வாப்பிள்ளை கடலிலை சாகேல்லையோ?"

"தொட்டிக்கை தலையை அமத்திச் சாகடிச்சுப்போட்டு, பின்வாசலாலை கடலுக்கை இழுத்து விட்டிருக்கினம்."

இன்ஸ்பெக்டரின் புத்தகம் மறுபடி திறந்தது.

"பின்னறைப் பூட்டுத் திறப்பு ஆரிட்டை?"

நமசிவாயம் முந்திக்கொண்டார்.

"ரெண்டு திறப்பு, சேர். ஒண்டு செத்தவரிட்டை. மற்றது... உவவிட்டை!"

இன்ஸ்பெக்டரின் பார்வை குணலட்சுமியின் மேல் திரும்பியது. மெதுவாக.

"நேற்றுப் பின்னேரம் நீர் எங்கை?"

"நாலரை பஸ்ஸிலை திருநெல்வேலி வீட்டுக்குப் போயிட்டன்."

"கண்ட சாட்சி?"

"ஒருத்தருமில்லை."

"பாத்தீங்களோ!" நமசிவாயத்தின் குரல் உயர்ந்தது. "கெட்டிக்காரி, சேர்! சிந்தின தண்ணி தெரியக்கூடாதெண்டு கிணத்துத் தண்ணி விட்டு நிரப்பியிருக்கிறா! தொட்டி இப்ப இருபத்தைஞ்சாய்க் கிடக்கு!"

குணலட்சுமி குடுவையைக் கீழே வைத்தாள்.



"இருபத்தைஞ்சு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" குணலட்சுமி கேட்டாள், நேரம் கேட்பதுபோல. "காலமை அளந்தது நான் ஓராள்தான். கொப்பி லாச்சிக்கை. நீங்கள் பஸ்ஸாலை இறங்கி நேரை கரைக்குத்தானே வந்தனீங்கள்?"





நமசிவாயத்தின் முதுகு பின்வாசலை நோக்கி நகர்ந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு கான்ஸ்டபிள் நின்றான்.

"எனக்குக் கடல் ஒத்துவராது, சேர்..." கதிரையில் சரிந்தார். "வள்ளத்திலை ஏறினால் சத்தி. ரெண்டு வருசமாய் ஆழ்கடல் அளவெல்லாம் கரவெட்டியிலை இருந்துதான் எழுதினனான்! நேற்று அந்தாள் பிடிச்சிட்டுது. கொழும்பு மேலிடத்துக்கு எழுதப்போறன் எண்டார். தொட்டிக்கு மேலை குனிஞ்சு நிண்டவர்... நான் என்ரை அறிவிலை இல்லை!"

"ஆனால் நிரப்பினாப் பிறகு அளந்து பாத்திருக்கிறியள்," என்றாள் குணலட்சுமி. "ரெண்டு வருசத்திலை நீங்கள் மெய்யாய் அளந்தது அது ஒண்டுதான்."

விலங்கு 'க்ளிக்' என்றது.

ஜீப் புறப்படும்முன் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். முகமெல்லாம் சந்தோசம்.

"பிள்ளை, அந்தச் சப்பாத்துத் தண்ணிதான் வழக்குக்கு உயிர்! முப்பது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும்."

"ஏலாது, சேர்."

"ஏன்?"

"அது நாற்பத்தொண்டு."

"என்ன?!"

"விடிய விடியக் கடலுக்கை கிடந்த சப்பாத்து. அதுக்கை கடல் தண்ணி இல்லாமல் வேறை என்ன இருக்கும்? தொட்டியிலை உப்புக் குறைஞ்சதைக் கண்டு சந்தேகம் வந்தது. செய்தது ஆரெண்டு தெரியேல்லை. தொட்டியைப் பற்றிக் கதைச்சால் ஆராவது துள்ளுவினம் எண்டு பாத்தன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நமசிவாயம் செய்த அதே வேலை! பொய் அளவு!"

குணலட்சுமி லாச்சியைத் திறந்து, கொப்பியை எடுத்து நீட்டினாள். இன்றைய திகதி. சப்பாத்துத் தண்ணீர், நாற்பத்தொன்று.

"கொப்பிக்கு நான் பொய் சொல்லேல்லை, சேர்... பொலிசுக்குத்தான் சொன்னனான்!"